வலை முகவரியும் பழைய வழக்கும்



ஊர் ஒன்று, பெயர் பல என்பது நம் குடாநாட்டுக்குப் புதிதன்று. ஊர்காவற்றுறை என்று நாம் வழங்கும் துறையை ஆங்கில ஏடுகள் கயிற்ஸ் என்றன. நெடுந்தீவு, ஒல்லாந்தர் இட்ட பெயரால் டெல்வ்ற் எனப்பட்டது. பருத்தித்துறை பொயின்ற் பெட்ரோ ஆயிற்று. யாழ்ப்பாணம் என்னும் பெயரே ஐரோப்பியர் நாவிலே திரிந்து ஜஃப்னா எனக் குறுகி நின்றது. இப்பெயர்களுள் எதனை உறையின் மேல் எழுதினாலும், எழுத்துக் கூட்டலில் ஒன்றிரண்டு பிழை நேர்ந்தாலும், தபாற்கந்தோர் அக்காகிதத்தை உரிய கையிற் சேர்ப்பித்து வந்தது. காரணம் யாது? காகிதங்களைப் பிரித்தடுக்கும் ஊழியருக்கு விதியும் தெரியும். ஊரார் வழக்கும் தெரியும். ஐயம் நேரின் ஆராய்ந்து தெளிய அவருக்கு அறிவும் உண்டு.

அந்த ஊழியரின் இடத்தில் ஓர் இயந்திரத்தை அமர்த்தினால் என்ன நிகழும்? முகவரியை விதிப்படி எழுதாதவனைத் திருப்பி அனுப்பிவிடுவதா? அன்றி, அவன் கருத்து இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து உள்ளே விடுவதா? கணினி வலையின் முகவரிகளை ஆக்கியோரும் ஆள்வோரும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாவோடு மல்லாடி வருகின்றனர். அவ்வரலாற்றையும், அது நம் தமிழெழுத்தைத் தொட்டு நிற்கும் வகையையும் இன்று சுருங்கக் கூற விழைகின்றேன்.

வலை முகவரி என்பது ஒரு தொடர். தமிழிலக்கணம் கற்றோர் அதனை ஒரு பகுபதத்தோடு ஒப்பிட்டு எளிதில் உணரலாம். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஒரு பதத்தை உறுப்புக்களாகப் பிரித்துக் காண நன்னூலார் நமக்குக் கற்பித்தார். அவ்வாறே வலை முகவரிக்கும் உறுப்புக்கள் உள. எம்முறையிற் பேசுவது என்று கூறும் முதலுறுப்பு, எந்த இயந்திரத்தை நாடுவது என்று கூறும் களப்பெயர், அவ்வியந்திரத்தின் எவ்வாயிலில் நுழைவது என்று கூறும் எண், உள்ளே எந்த ஏட்டை எடுப்பது என்று கூறும் பாதை, கேட்கும் வினா, ஏட்டில் எவ்விடம் என்று சுட்டும் இறுதியுறுப்பு. இவற்றிடையே முக்காற்புள்ளியும் சாய்கோடுகளும் வினாக்குறியும் சந்திபோல் நிற்கின்றன. முகவரியைக் கண்டவுடன் இவ்வுறுப்புக்களைப் பிரித்துத் தரும் வேலையை ஒவ்வொரு நிரலாளரும் தாமே புதிதாக எழுதுவதில்லை. ஒருவர் எழுதி வைத்ததைப் பலரும் எடுத்தாள்வர். அத்தகைய ஆயத்தத் தொகுதிக்கே கணினித் துறையார் நூலகம் என்று பெயரிட்டனர். அவ்வகையில் முகவரியைப் பகுக்கும் நூலகங்கள், மொழிக்கொன்றும் பணிக்கொன்றுமாக இன்று பல உள்ளன.

இவை அனைத்துக்கும் மூலமானவர் திம் பேர்ணர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். சுவிற்சர்லாந்து நாட்டிலே, சேர்ன் என்னும் அணு ஆய்வு நிலையத்தில் அவர் 1989 ஆம் ஆண்டில் முன்வைத்த கருத்தே உலகளாவிய வலையாக மலர்ந்தது. 1991 இல் முதல் வலைத்தளம் பலரும் காண வந்தது. முகவரிக்குரிய இலக்கணமோ 1994 ஆம் ஆண்டு டிசம்பரிலேதான் 1738 என்னும் எண்ணுடைய ஆவணமாக எழுதப்பெற்றது. இந்த இடைவெளியை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது. 1998 இல் அது திருத்தப்பட்டது; 2005 சனவரியில் 3986 ஆம் ஆவணமாக மீண்டும் எழுதப்பட்டு நியமம் என்னும் தகுதி பெற்றது. முகவரியிலுள்ள இரட்டைச் சாய்கோடு உண்மையில் வேண்டியதே இல்லை என்று பேர்ணர்ஸ்-லீ அவர்களே 2009 இல் ஒப்புக்கொண்டார். ஆயினும் அதனை நீக்க இயலவில்லை. உலகம் அதற்குள் எண்ணற்ற முகவரிகளை அவ்வாறே எழுதிவிட்டது.

விதி ஒருபுறம் இருக்க, மக்கள் எழுதியது வேறொரு புறமாயிற்று. சிலர் சாய்கோட்டுக்குப் பதிலாக இடப்பக்கம் சாய்ந்த பின்சாய்கோட்டை இட்டனர். சிலர் முகவரியின் நடுவே வெற்றிடம் விட்டனர். ஒரு சாய்கோட்டை விட்டோரும் உளர்; ஒன்று மிகையாக இட்டோரும் உளர். நியமத்தின்படி இவை யாவும் வழுவே. ஆனால் வலையுலாவி என்னும் மென்பொருளை விற்பனை செய்தோரும் இலவசமாக வழங்கினோரும் வேறு கணக்குப் போட்டனர். ஒரு பக்கம் ஓர் உலாவியில் திறந்து, மற்றோர் உலாவியில் திறக்கவில்லையாயின், மக்கள் பழி சொல்வது பக்கத்தை எழுதியவனையா? இல்லை; திறக்காத உலாவியையே. ஆதலின் ஒவ்வொருவரும் வழுவை மன்னித்தனர். ஒவ்வொருவரும் தத்தம் மனம்போனவாறு மன்னித்தனர் என்பதே தொல்லைக்கு வித்தாயிற்று.

இம்மன்னிப்புக்கு ஒரு தத்துவமும் துணை நின்றது. இணையத்தின் முன்னோடிகளுள் ஒருவரான யோன் பொஸ்ரல் 1980 இல் ஒரு நெறியை வகுத்தார். அனுப்பும்போது விதிப்படி கண்டிப்பாக அனுப்புக. ஏற்கும்போது தாராளமாக ஏற்றுக்கொள்க என்பது அதன் சாரம். இளமைப் பருவத்து வலைப்பின்னலுக்கு இந்நெறி உயிர்கொடுத்தது என்பதில் ஐயமில்லை. வேறு வேறு நிலையங்களில் வேறு வேறு கைகளால் ஆன இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேச முடிந்தமை இதனாலேயே. ஆனால் தாராளம் எவ்வளவு, எத்திசையில் என்று எவரும் வரையறுக்கவில்லை. நாளடைவில், ஒருவர் மன்னித்த வழுவை மற்றவர் மன்னிக்கவில்லை. ஒருவர் வலப்பக்கம் திருத்திப் படித்ததை மற்றவர் இடப்பக்கம் திருத்திப் படித்தனர்.

இதனால் விளைந்த கேட்டினை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு மனையில் வாயிற்காவலன் ஒருவன், தூதன் ஒருவன் உளர் என்க. காவலன் முகவரியைப் படித்து, இது செல்லத்தக்க இடம் என்று இசைவு தருகின்றான். தூதன் அதே முகவரியைத் தானும் படித்துக்கொண்டு செல்கின்றான். இருவரும் ஒரே வகையிற் படிப்பின் கேடில்லை. காவலன் படித்தது ஓர் ஊர், தூதன் படித்தது வேறோர் ஊர் என்றால், காவல் இருந்தும் பயனில்லை. கணினிகளிலே காவல் செய்யும் நூலகம் ஒன்றாகவும், சென்று எடுத்துவரும் நூலகம் வேறொன்றாகவும் இருத்தல் மிகச் சாதாரணம்.

ஒரேஞ்ச் சாய் என்னும் புனைபெயர் கொண்ட தைவான் நாட்டு ஆய்வாளர் 2017 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டிலே இதனை உலகறியக் காட்டினார். வெற்றிடமும் சில குறிகளும் விரவிய ஒரே முகவரியை, பைதன் என்னும் நிரல்மொழியிலுள்ள மூன்று நூலகங்கள் மூன்று வெவ்வேறு இயந்திரங்களின் முகவரியாகப் படித்தன. பாடம் ஒன்று, பொருள் மூன்று! செய்யுளுக்கு அது சிலேடை நயமாகலாம்; காவலுக்கு அது கதவில்லா வீடு.

மற்றொரு சான்று எண்ணைப் பற்றியது. இயந்திரங்களுக்குப் பெயரே அன்றி எண்ணாலான முகவரியும் உண்டு. 127 என்று தொடங்கும் எண், இயந்திரம் தன்னையே சுட்டும் எண். பழைய யூனிக்ஸ் வழக்கின்படி, சைபரில் தொடங்கும் எண்ணைப் பத்தின் அடியாகக் கொள்ளாது எட்டின் அடியாகக் கொள்வர். அவ்வழக்கில் 0177 என்பது 127 ஆகும்; அறுபத்து நான்கும் ஐம்பத்தாறும் ஏழும் சேர்ந்த தொகை அது. முன்னின்ற சைபரைப் பொருட்படுத்தாத நூலகமோ அதனை நூற்றெழுபத்தேழு என்றே படிக்கும். காவலன் வெளியூர் என்று எண்ணி விடுக்க, தூதன் சொந்த வீட்டின் உள்ளறைக்கே சென்றுவிடுகின்றான். இவ்வகைப் பிழை 2021 ஆம் ஆண்டு வெளிப்பட்டபோது, பரவலாக ஆளப்பெற்ற நூலகங்கள் சில அவசரமாகத் திருத்தப்பட்டன. பைதன் மொழியின் எண்முகவரி நூலகம், முன்னின்ற சைபரை இனி ஏற்பதில்லை என்று முடிவு செய்தது. உலாவிகளுக்கான நியமமோ, எட்டின் அடியாகவே கொள்க என்று எழுதி வைத்தது. முடிவுகள் வேறாயினும் இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இன்ன வழுவுக்கு இன்னதே தீர்ப்பு என்பது அவரவர் ஏட்டில் எழுத்தில் நிற்கின்றது.

அப்படியாயின் பழைய வழுக்களை எல்லாம் ஒரேயடியாக விலக்கிவிடலாகாதா என்று நேயர் வினவலாம். விலக்கலாம், ஆனால் அவற்றோடு எவை போகும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வலையில் முப்பதாண்டாக எழுதப்பட்டவற்றுள் எழுதியோர் மறைந்தனவும் கைவிட்டனவும் பல. அவற்றைத் திருத்த இனி எவரும் வாரார். நம்மவர் 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதைக் கண்டவர்கள். எரிந்தவற்றுட் பல மீளக் கிடையா என்பதை அறிந்தவர்கள். அதன் பின்னர், 2005 இல் நூலகம் என்னும் பெயராலேயே தொடங்கிய மின்னூற் சேமிப்பு, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வலையிலே திரட்டி வைத்துள்ளது. ஓர் ஏடு அழிந்தால்தான் இழப்பென்று கருதற்க. ஏடு இருந்தும் அதனைச் சுட்டும் முகவரி செல்லாதாகிவிட்டால், தேடுவோனுக்கு அது எரிந்ததற்குச் சமமே.

ஆகவே விதியை மட்டும் பிடித்தாற் பழமை கெடும். வழக்கை மட்டும் பிடித்தாற் காவல் கெடும். இவ்விரண்டுக்கும் நடுவே வழி உண்டா? உண்டு என்பதற்கு நம் இலக்கணமே சான்று. நன்னூலார் இயல்பு வழக்கை வகுத்தபோது இலக்கணமுடையது ஒன்றையே கூறி நிறுத்தினாரல்லர். இலக்கணப்போலி, மரூஉ என்னும் இரண்டையும் உடன் வைத்தார். இல்முன் என்பது முன்றில் என முன்பின்னாகி வழங்கிற்று. சோழநாடு சோணாடு என மருவிற்று. இவற்றை வழு என்று தள்ளவுமில்லை. எவரும் எவ்வாறும் சிதைக்கலாம் என்று விடவுமில்லை. ஆன்றோர் வழக்கில் வந்தவை இவை என்று பெயரிட்டு, வரம்பிட்டு, விதிக்குள்ளேயே ஓரிடம் கொடுத்தார். சிதைவுக்கும் ஓர் இலக்கணம் செய்ததே அவர் செய்த பெருந்தொண்டு.

இதே வழியை உலாவிகளை இயற்றுவோர் கூட்டமும் கண்டது. 2004 இல் அமைந்த அக்குழுவினர், 2012 தொடக்கம் முகவரிக்கெனத் தனி நியமம் ஒன்றை எழுதி, தொடர்ந்து திருத்தி வருகின்றனர். சரியான முகவரி யாது என்று கூறுவதோடு அது அமையவில்லை. தவறான முகவரி வரின் ஒவ்வோரெழுத்தாக என்ன செய்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. முன்னும் பின்னும் நிற்கும் வெற்றிடங்களை நீக்குக. வலைப்பக்க முகவரிகளில் பின்சாய்கோட்டைச் சாய்கோடாகவே கொள்க. ஆயினும் இது வழு என்று குறித்து வைக்க என்றெல்லாம் அது பணிக்கின்றது. வழுவமைதி என்று நம் இலக்கணம் கூறுவதற்கு இஃது ஒத்தது எனலாம். நோட் என்னும் நிரற்சூழல் இப்புதிய நியமத்தின்படி அமைந்த பகுப்பானை ஏற்றபோது, பழையதை உடனே களையவில்லை. 2018 இல் புதிய வாயிலை எல்லார்க்கும் பொதுவாகத் திறந்தது. பழைய வாயிலை நம்பி வாழ்ந்த நிரல்களுக்காக அதனையும் வைத்துக்கொண்டு, புதிதாக எழுதுவோர் அதனை நாடற்க என்று எச்சரித்தது.

எனினும் வழக்கு முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. 2005 ஆம் ஆண்டு நியமமும் உலாவியர் நியமமும் இன்னும் சில இடங்களில் முரண்படுகின்றன. சுவீடன் நாட்டு தானியேல் ஸ்ரென்பேர்க் அவர்களின் கேர்ல் என்னும் பெயர்பெற்ற கருவி, பழைய நியமத்தையே அடியாகக் கொண்டு சில தாராளங்களை மட்டும் சேர்த்துக்கொண்டுள்ளது. அத்தாராளங்கள் எவை என்பதனை அது வெளிப்படையாக எழுதி வைத்திருப்பது போற்றத்தக்கது.

இனி நம் எழுத்துக்கு வருவோம். முதல் நியமங்கள் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் சில குறிகளையும் மட்டுமே முகவரியில் ஏற்றன. பிறமொழியெழுத்து வரின், அதன் ஒவ்வோர் உட்குறியீட்டையும் சதவீதக் குறியோடு சேர்த்து எழுதுதல் வேண்டும். யாழ்ப்பாணம் என்பது நமக்கு ஆறெழுத்து. யூனிகோட் முறையில் அது பதினொரு குறிகள். அவை வலையிற் செல்லும்போது முப்பத்து மூன்று துணுக்குகள். சதவீதக் குறியோடு எழுதினால் 99 அடையாளங்கள்! ஆறெழுத்துப் பெயர் நூறுக்கு ஒன்று குறைய நீண்டு நிற்பதைக் கண்டு, இது பிழையான முகவரி என்று எண்ணி அழித்தோரும் உளர்.

களப்பெயருக்கு வேறு வழி வகுத்தனர். 2003 ஆம் ஆண்டு வெளிவந்த பியூனிகோட் என்னும் முறை, எம்மொழிப் பெயரையும் உள்ளே ஆங்கில எழுத்தாகவும் எண்ணாகவும் சுருக்கி வைத்தது. பழைய இயந்திரங்கள் எதனையும் மாற்றாமலே புதிய எழுத்துக்களை நுழைத்த தந்திரம் அது. அதன் பயனாக, 1990 முதல் ஆங்கில ஈரெழுத்தாற் சுட்டப்பெற்ற நம் நாடு, 2010 இல் இலங்கை என்று தமிழிலும் லங்கா என்று சிங்களத்திலும் எழுதப்பெற்ற களப்பெயர்களைப் பெற்றது.

அவ்வாண்டிலேயே ஒரு சிக்கலும் நம் நாட்டுப் பெயரைச் சுற்றி எழுந்தது. சிங்களத்தில் ஸ்ரீ என்னும் எழுத்தை அமைக்கக் கண்ணுக்குப் புலனாகாத இணைப்பான் ஒன்று வேண்டும். 2003 ஆம் ஆண்டு விதி அதனைப் பொருளற்றதெனக் களைந்தது. 2010 இல் வந்த விதி அதனைப் பேணிற்று. ஆகவே ஒரே எழுத்தைக் கண்ட பழைய நூலகம் ஒரு களத்துக்கும், புதிய நூலகம் வேறொரு களத்துக்கும் செல்ல இடமாயிற்று. இவ்விரு விதிகளுக்கும் இடையே பாலமாக யூனிகோட் அமைப்பு எழுதிய நியமத்தில், இச்சிங்கள எழுத்தே எடுத்துக்காட்டாக இடம்பெற்றுள்ளது.

தமிழிலும் இன்னல் இல்லாமலில்லை. ஸ்ரீ என்பதை ஸகரம் கொண்டும், 2005 இல் யூனிகோடிற் சேர்ந்த ஶகரம் கொண்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கணினிக்கு அவை வேறு. கொழும்பு என்னும் சொல்லின் முதலெழுத்திலுள்ள ஒகர அடையாளத்தை ஒரே குறியாலும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம். களப்பெயரில் வரின் நியமம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்; பாதையில் வரின் அவ்வாறு ஒன்றாக்குவதில்லை. ஆதலின் கண்ணுக்கு ஒன்றான முகவரி இரண்டு ஏடுகளைச் சுட்டலாகும். இதற்கு முன்னோ, ஈழத்தவரிடையே பாமினி போன்ற எழுத்துருக்கள் பெருவழக்காயிருந்தன. உள்ளே ஆங்கில எழுத்தும் வெளியே தமிழ் வடிவுமாக அமைந்தவை அவை. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும்போது, ரகரத்துக்கு இகரவிசிறி இட வேண்டிய இடத்திற் காலுக்கு விசிறி இட்ட வடிவம் புகுந்து, தேடுவோர் கைக்கு அகப்படாது மறைந்தது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008 இல் யூனிகோடை அடியொற்றித் தமிழ்க் குறியீட்டு நியமத்தை வெளியிட்ட பின்னரும், முன்னைய ஏடுகள் முன்னைய வடிவிலேயே கிடந்தன.

காலும் ரகரமும் மயங்கும் இம்மயக்கம் ஓலைச்சுவடி காலத்துக்கும் உரியதே. புள்ளியில்லை, குறில் நெடில் வேறுபாடு தெளிவில்லை, இது காலோ ரகரமோ என்ற ஐயம் வரிதோறும் எழும். அத்தகைய ஏடுகளை வைத்துக்கொண்டே நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881 இல் வீரசோழியத்தையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். விதிப்படி எழுதப்படாத ஏடு என்று அவர் ஒதுக்கியிருப்பின், அந்நூல்கள் செல்லுக்கும் நெருப்புக்கும் இரையாகியிருக்கும். ஏட்டிற் கண்டபடியே அச்சிட்டிருப்பினோ, கற்போர் பொருள் காணாது இடர்ப்பட்டிருப்பர். வாங்கும்போது சிதைந்த ஏட்டையும் வாங்கினார். வழங்கும்போது திருந்திய பாடத்தையே வழங்கினார். ஏற்பதிற் பொறுமையும் தருவதிற் கண்டிப்பும் ஒருங்கே அமைந்த பணி அது.

முகவரி பகுக்கும் நூலகங்களை இயற்றும் நம் இளைஞர்க்கும் இதுவே பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பிற இடங்களிலும் கணினியியல் கற்று வெளிவருவோர் இன்று பலராயினர். பழைய முகவரியை வெறுத்துத் தள்ளாதீர்கள். அதன் பின்னால் ஓர் ஏடு இருக்கலாம். தள்ளாமல் ஏற்பதாயின், எதனை எவ்வாறு ஏற்கின்றீர்கள் என்பதை எழுதி வையுங்கள். காவலனும் தூதனும் ஒரே ஏட்டைப் பார்த்துப் படிக்கட்டும். நீங்கள் புதிதாக எழுதும் முகவரி மட்டும் நியமத்தினின்றும் அணுவளவும் பிறழாதிருக்கட்டும். எழுதப்படாத இரக்கம் ஒருவர்க்கு ஒரு வகையாகவும் மற்றொருவர்க்கு வேறு வகையாகவும் முடியும். எழுதப்பட்ட இரக்கமோ எல்லார்க்கும் ஒரு நீதியாய் நிற்கும்.